பின்சக்கரத்துச் சூடு

"வெயிட்டுன்னு சொன்னது நீங்கதானே?"

"பொதுவா லோடுன்னு சொன்னேன்..."

"பொதுவா எந்த லோடு? பின்னாடி உட்கார்றது நான் ஒருத்திதான். சிமெண்ட் மூட்டையா ஏத்தறீங்க?"

"அக்கா, மாமா, கொஞ்சம் வாயை மூடுங்க," என்றான் பட்டறைக்காரன். அவன் அவளுடைய தம்பி. வண்டியின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தான்.

அந்த மோட்டார் சைக்கிளுக்குச் செயின் கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு தண்டு வந்து, பின்சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டிக்குள் முடியும். அந்தப் பெட்டிதான் சுட்டது. அதில் பட்டு அவளுடைய புதுச் செருப்பின் ஓரம் உருகியிருந்தது. உடனே அவள் கணவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: பின்னால் வெயிட் அதிகம், நாளைக்கு உன் பெரியக்கா வீட்டுக்கு நீ பஸ்ஸில் வா, நான் வண்டியில் வருகிறேன்.

கல்யாணமானதிலிருந்து பெரியக்கா வீட்டு வாசலில் அவள் வண்டியிலிருந்துதான் இறங்கியிருக்கிறாள். பஸ்ஸில் போனால் பெரியக்கா ஒன்றும் கேட்கமாட்டாள், பார்ப்பாள். கேட்டாலாவது பதில் சொல்லலாம். வண்டி ஓட்ட இவளுக்கும் தெரியும்தான். ஓட்டுகிறாயா என்று கேட்டவர்தான் யாருமில்லை.

தம்பி பெட்டியின் ஆயிலை வடித்துப் பார்த்தான். அளவு சரி. ஆயில் துளையை மூடும் அடைப்பானின் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டவில்லை, அதனால் உள்ளே பல் எதுவும் தேயவில்லை. திரும்ப ஆயில் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றினான். அது பாட்டுக்குச் சுற்றியது.

"மாமா, தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

போய்விட்டு வந்தார். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"பார்த்தியா? ஆள் இல்லேன்னா சூடு இல்ல," என்றார் அவர், பரீட்சையில் தேறியவர் மாதிரி.

"டேய், நீ ஏறு," என்றாள் தம்பியிடம். "என்னைவிட நீ குண்டு."

தம்பி பின்னால் ஏறிக்கொண்டான். அதே ரவுண்டு. திரும்பி வந்தபோதும் பெட்டி வெதுவெதுப்புதான்.

"அப்ப வெயிட் இல்ல," என்றாள் அவள். ஜெயித்த முகம் சட்டென்று வாடியது. "நான் உட்கார்ந்தா மட்டும் சுடுதா? வண்டிக்குக்கூட என்னைப் பிடிக்கலயா?"

"நீ ஏறுக்கா. நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வரேன்."

போனார்கள், வந்தார்கள். தம்பி பெட்டிமேல் விரலை வைத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அதை ஒட்டியிருந்த பிரேக் டிரம்மில் வைக்கவே பயந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"மாமா, வழி முழுக்க உங்க பிரேக் விளக்கு எரிஞ்சுகிட்டே வந்துது."

"நான் பிரேக்கே போடலயே."

"போடல. காலை பிரேக் மேலயே வெச்சிருக்கீங்க. உள்ளே உரசி உரசி டிரம் சுடுது, அந்தச் சூடுதான் பெட்டிக்கு ஏறுது. நான் பின்னாடி இருந்தப்ப காலை எடுத்துட்டீங்க, அக்கா ஏறினா வெச்சுடறீங்க."

"ஏன் அப்படி?" என்றாள் அவள்.

"நீ எப்ப 'மெதுவா'ன்னு சொல்லுவியோன்னு மாமா கால் காத்துக்கிட்டு இருக்கு."

"நான் எங்கேடா சொல்றேன்?"

"ஸ்கூட்டர்ல வந்த எனக்கே கேட்டுதுக்கா. பள்ளம் வந்தா ஒரு தடவை. வரலேன்னா ரெண்டு தடவை."

அவர் மீசைக்குள் சிரித்தார். அவள் முறைத்தாள்.

"அப்ப தப்பு என் வாய்மேலயா?"

"உன் வாய், மாமா கால். வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல."

"சரி," என்றார் அவர் பெரிய மனசோடு. "நாளைக்கு நான் பிரேக்லேர்ந்து காலை எடுத்துடறேன். நீ வாயைத் திறக்காம வா. பஸ் வேண்டாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா தெருவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பின்னால் ஏறி, கால் வைக்க இடம் தேடினார்.

அவள் வண்டியைக் கிளப்பி, தலையை மட்டும் திருப்பினாள்.

"நாளைக்குப் பெரியக்கா வீடு வரைக்கும் ஒரு தடவைகூட 'மெதுவா'ன்னு சொல்லாம வருவீங்களா?"