திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டில் கிடைத்தது. ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றிருந்தோம். என் மூக்கு கதவை ஒட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் யாரிடமோ சொன்னது:

"எங்களுக்குள்ள இருபத்தாறு வருஷம் வித்தியாசம். சம்பளம் மட்டும் ஒண்ணு."

கதவு திறந்தது. கூட்டம் என்னை வெளியே தள்ளிவிட்டுக் கலைந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் லிஃப்ட் மேலே போய்விட்டது. சொன்னவள் பெருமைப்பட்டாளா, பொருமினாளா என்று தெரியவில்லை. இரண்டு பேரில் வயதானவள்தான் சொல்லியிருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வாக்கியம் செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2

முதல் முயற்சி: "வேலை கேட்டு வந்த இருவரும் வரவேற்பறையில் எதிரெதிரே அமர்ந்து—"

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

அடுத்தது: "பணியில் புதிதாகச் சேரும் ஒருவரின் வயது அவரது ஊதியத்தைத் தீர்மானிக்கலாமா என்னும் வினா—"

(இது கட்டுரை. கட்டுரை படித்து யாரும் தூக்கம் தொலைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தூங்கியவர்கள் உண்டு.)

பிறகு ஒரு மதியம், பாதித் தூக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை தானாக வந்து நின்றது. தரையில் சதுரம் சதுரமாகத் தொட்டிகள். ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் மணல், ஒன்றில் காய்ந்த இலை, ஒன்றில் பழைய மரப்பலகை. சுவரில் ஒரு பெரிய படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சினிமாவில் நடக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் காலடிச் சத்தம் கிடையாது. இந்த மாதிரி ஓர் அறையில் யாரோ அவர்களுக்காக நடக்கிறார்கள், மைக் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மதியம் அறையில் ஆள் யாரும் இல்லை. ஆனாலும் கூழாங்கல் நறநறத்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

3

உள்ளே ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அறைக்குப் பொறுப்பாளர். எல்லோரும் அவளைக் 'காது' என்று கூப்பிடுவார்கள். முப்பதைத் தாண்டியவள். பதினெட்டு வயதில் இங்கே சேர்ந்தபோது, "சின்னப் பொண்ணு, உனக்கென்ன செலவு" என்று பாதிச் சம்பளம் போட்டார்கள். கூடவே நடந்த ஆளுக்கு முழுச் சம்பளம். அதை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

இப்போது இரண்டு உதவியாளர்கள் வேண்டும். இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு இருபது, இன்னொருத்திக்கு நாற்பத்தாறு. இருவருக்குமே இந்த வேலை புதிது.

(மூத்தவள், இளையவள் என்று எழுதினால் ஏதோ இரண்டு பெண்டாட்டிக் கதை என்று நினைத்துவிடுவீர்கள். இளையவள் முன்பு பேக்கரியில் இருந்தாள், அவள் பெயர் 'பன்'. மற்றவள் மருந்துக்கடை கவுண்டரில் பல வருடம் நின்றவள். கடை கைமாறி வேலை போனது. அவள் 'மருந்தம்மா'.)

முதலாளி கேபிளை முழங்கையில் சுற்றியபடியே விஷயத்தைச் சொன்னார். இருவருக்கும் சேர்த்து ஒரு தொகை, அதைப் பிரிப்பது காதின் பொறுப்பு. வயதானவளுக்குக் குடும்பம் இருக்கும், கொஞ்சம் கூட்டிப் போடலாம். சின்னது கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலையாட்டும். காதோ, யார் நன்றாக நடக்கிறார்களோ அவர்களுக்கே அதிகம், வயதைப் பார்ப்பதில்லை என்று மனதுக்குள் சபதமே எடுத்திருந்தாள்.

அவளுக்கு அது சுலபம்தான். அந்த அறையில் ஆள் எடுக்கும் வழக்கமே அப்படி. வந்தவர்கள் கறுப்புத் திரைக்குப் பின்னால் நடப்பார்கள், இந்தப் பக்கம் காது கேட்பாள். முகமும் தெரியாது, வயதும் தெரியாது. இங்கே முகத்துக்கு வேலையில்லை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வார்.

படத்தில் ஒரு பெண் பையோடு வீடு திரும்புகிறாள். நீளமான நடை, கடைசியில் ஒரு கதவு. திரைக்குப் பின்னால் முதல் ஜோடிக் கால்கள் நடந்தன. குதிகால் கனமாக விழுந்தது, ஒரு கால் லேசாக இழுபட்டது. கதவருகே வந்ததும் ஒரு நிறுத்தம். உள்ளே போகுமுன் முகத்தைச் சரிசெய்துகொள்கிற நிறுத்தம்.  எத்தனை வருடம் நின்ற கால்கள், பாவம் என்று காது நினைத்தாள்.

இரண்டாவது ஜோடி லேசாக வந்தது, மழைத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வருவது போல. சின்னப் பெண், அவளுக்கென்ன—

(இந்த இடத்தில் காது வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.)

முதலில் நடந்தவருக்குக் கூட்டிப் போடலாம் என்றாள். நடைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதலாளி அதைத் திரைக்குக் கேட்கும்படி அறிவித்தார். திரை விலகியது.

முதலில் நடந்தது பன்.

மருந்தம்மா மரப்பலகையில் வெறுங்காலோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நெடுநாள் கழித்து வெளியே வந்தவளின் சந்தோஷம் அவள் கால்விரல்களில்கூடத் தெரிந்தது.

4

பன்னின் கால் ஏன் அவ்வளவு கனம்? முதல் வரைவில் அவளுக்குப் படுத்த படுக்கையாக ஓர் அப்பாவைக் கொடுத்திருந்தேன். இரண்டாம் வரைவில் கூடவே ஒரு தம்பி, பள்ளிக் கட்டணம். நானே எழுதி நானே கண் கலங்கினேன். பிறகு இருவரையும் அடித்துவிட்டேன்.* இருபது வயதுக்காரி முழுச் சம்பளம் வாங்க வீட்டில் ஒரு நோயாளி இருந்தே ஆகவேண்டுமா? அவளுக்குக் கால் கனக்கிறது, அவ்வளவுதான். விடிவதற்கு முன் எழுந்து மாவுத்தட்டு தூக்கினால் உங்களுக்கும் கனக்கும்.

* அப்பா குணமாகி எழுந்து போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

5

முதலாளி சிரித்துவிட்டார். ஆள் மாறிப்போச்சு, தொகையையும் மாற்றிவிட்டால் போச்சு என்றார். ஒரு நிமிடம் பன் கையில் இருந்த பணம் மறு நிமிடம் மருந்தம்மாவிடம் போனது. பன் எதற்கும் தலையாட்டவில்லை.

மருந்தம்மாதான் முதலில் பேசினாள்.

"எனக்குன்னு கூட்டாதீங்க சார். 'உங்க வயசுக்கு இவ்வளவு கம்மியாக் குடுக்க எங்களுக்கே கூச்சமா இருக்கு'ன்னு சொல்லித்தான் போன இடமெல்லாம் திருப்பி அனுப்புனாங்க. அவங்க கூச்சத்துக்கு நான் வீட்ல உக்காந்திருந்தேன். நாளைக்கு நீங்களும் கணக்குப் பாத்தா முதல்ல என்னைத்தான் அனுப்புவீங்க."

பன் கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் அதிகமா வேணாம். குறைக்காதீங்க, அது போதும். அதே கல்லு மேலதானே நானும் நடந்தேன்."

அதே கல். பதினெட்டு வயதில் காதின் வாயில் வந்து, வெளியே வராமல் நின்றுபோன வாக்கியம் அது. அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. வயதைப் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்துவிட்டுக் காதாலேயே வயதைப் பார்த்திருக்கிறாள். தப்பாகப் பார்த்தது இருக்கட்டும். பார்த்ததே தப்பு.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போடுங்க," என்றாள்.  முதலாளி கேபிளைச் சுற்றிக்கொண்டே சரி என்றார்.

6

இங்கே முடித்தால் கைதட்டலாம். ஆனால் மருந்தம்மாவுக்குக் கல்லூரி போகும் பிள்ளைகள் இரண்டு. (இவர்களை என்னால் அடிக்க முடியவில்லை. கவுண்டரில் நிற்கும்போதே அவளோடு வந்துவிட்டார்கள்.) வேண்டாம் என்று அவள் சொன்ன பணம் வீட்டுக்குத் தேவைப்பட்ட பணம். சமம் அவளுக்கு வேலையைக் கொடுத்தது, பிள்ளைகளின் பங்கை எடுத்துக்கொண்டது. இதற்கு என்னிடம் விடை இல்லை. இருந்தால் கட்டுரையே எழுதியிருப்பேன்.

ஒரு முடிவு: மருந்தம்மா சில மாதம் கழித்துத் தனியாக வந்து, அன்றைக்கு வாய் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது என்று காதிடம் சொல்கிறாள். காது—

(முடியவில்லை.)

இன்னொரு முடிவு: அந்தப் படம் வெளியாகிறது. நீளமான நடையில் பையோடு வருகிற பெண்ணுக்குப் பன்னின் கால்கள். கதவருகே அந்த நிறுத்தம். கதவு திறந்ததும் உள்ளே ஓடுவது மருந்தம்மாவின் கால்கள். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அது ஒரே பெண் என்றுதான் நினைக்கிறார்கள். கடைசி வரிசையில் காது கண்ணை மூடிக்கொண்டு, கனம் எங்கே முடிகிறது என்று தேடுகிறாள். கிடைக்கவில்லை.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதில் லிஃப்ட் இல்லை.

7

ஆகவே லிஃப்டுக்கே வருகிறேன். மூக்கு கதவில் ஒட்டியிருக்கிறது, பின்னால் அந்தக் குரல். வயதானவள்தான் பேசினாள் என்று எந்தத் தைரியத்தில் முடிவு கட்டினேன்? சம்பளத்தைப் பற்றிப் பேசும் உரிமை வயதானவர்களுக்குத்தான் உண்டு என்று எனக்கு யார் சொன்னது? நானும் திரையை விலக்காமலே பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

இனி அந்த வரி உங்களுடையது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

"எங்களுக்குள்ள இருபத்தாறு வருஷம் வித்தியாசம். சம்பளம் மட்டும் ஒண்ணு."

சொன்னபோது உங்களுக்கு இருபதா, நாற்பத்தாறா? சிரித்துக்கொண்டா சொன்னீர்கள்?