துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

எலக்ஷன் முடிந்து, ஜெயித்தவர்கள் மாலை வாங்கி, அந்த மாலையும் வாடிய பிறகுதான் புத்தூர் போலீஸ் ஸ்டேஷனில் என் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம். நான் ரேணிகுண்டாவில் ஒரு பேங்க் வாசலைக் காக்கிறவன், ஓட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஏட்டு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே இரண்டு மாதம் பேங்க் வாசலில் மூங்கில் தடியோடு நின்றேன். மாடு தேடி வந்தவன் வழி தவறி நிற்கிறான் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த இரண்டு மாதத்துக்குள் என் மனைவி தாட்சாயணி இறந்துபோனாள்.

நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட அவள் வரவில்லை. மகன் ஹேமநாத் அமெரிக்காவிலிருந்து வந்தான். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடுமாம். குழம்பாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கருமாதி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். என் கண்ணில் துடைக்க ஒன்றும் வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கறாம்பா" என்று பங்காளிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடினால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவன் இந்தத் திருவேங்கடம். சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஆளே மரத்துப்போய்க் கிடந்தேன்.

துப்பாக்கி, ராணுவம் கழித்துப்போட்ட பழைய 303. குழலைக் கடைந்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி மாற்றி விற்றது. நானும் ராணுவம் கழித்துப்போட்டவன்தான் என்பதால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. பின்பக்க மரக்கட்டையில் யார் யாரோ சிப்பாய்களின் கைபட்டுக் கறுத்த இடங்கள் உண்டு. இரும்பில் கறுப்பு தேய்ந்து சாம்பல் நிறம் தெரியும் இடங்களும் உண்டு. அவற்றில் எதையும் நான் மாற்றியதில்லை. பழைய துப்பாக்கியைப் புதுசாக்குகிறேன் பேர்வழி என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி பளபளக்க வைப்பவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துருவைத்தான் எடுக்க வேண்டும், வயதை எடுக்கக் கூடாது.

ஸ்டேஷனில் அதை மற்ற துப்பாக்கிகளோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஒழுகுகிற அறையில் சாய்த்து வைத்திருந்தார்கள். குழல் நெடுகச் செந்துரு. பேங்க் மேனேஜர் வேறு பயமுறுத்தியிருந்தார். பூஜை லீவு முடிந்ததும் ஐதராபாத்திலிருந்து செக்யூரிட்டி ஆபீசர் வருகிறார், ஆயுதம் சரியில்லை என்றால் உன்னை அனுப்பிவிட்டு ஏஜென்சி ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று. ரேணிகுண்டாவில் புதிதாக வந்த கம்பெனி வாசல்களிலெல்லாம் இப்போது நீலத்தொப்பி ஏஜென்சி ஆட்கள்தான்.

கூடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பழைய செப்புக்காசு ஒன்றை எடுத்து, எண்ணெய் தொட்டுத் தொட்டுத் துருவைச் சுரண்டினேன். செம்பு இரும்பைவிட மிருது. துரு மட்டும் பெயர்ந்து வரும், அடியில் இருக்கிற கறுப்பு அப்படியே நிற்கும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் விட்டு உள்ளங்கையால் தேய்த்தேன். கைக்கு வேலை தெரியும். மனசு அங்கே இருக்க வேண்டிய அவசியமில்லை.

துப்பாக்கியின் அடியில் இப்போது பேருக்கு மாட்டியிருக்கும் இரும்புத் தோட்டாப் பெட்டியைக் கழற்றித் திருப்பியபோதுதான் கை நின்றது.

துப்பாக்கியை ஒப்படைக்கக் கிளம்பிய அன்று, தாட்சாயணி சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆயுத பூஜைக்கு, நான் கத்துகிற கத்தலில், கட்டையில்தான் பொட்டு வைப்பாள். அன்றைக்குத் தோட்டாப் பெட்டியின் இரும்பிலேயே வைத்துவிட்டாள்.

"இரும்புல ஈரத்த வெக்காதன்னு எத்தினி தபா சொல்றது? துரு புடிக்கும்டி."

"வெளிய போற சாமான். வெறும் நெத்தியோட அனுப்ப சொல்றியா? திரும்பி வந்ததும் தொடச்சிக்கோ, போ."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திட்டிக்கொண்டே அப்படியே எடுத்துப் போனேன்.

இப்போது திரும்பி வந்துவிட்டது. சந்தனம் உதிர்ந்துவிட்டிருந்தது. அது இருந்த இடத்தில், அவள் விரல்நுனி அளவுக்கு வட்டமாகச் சிவப்புத் துரு. விட்டுவைத்தால் உள்ளே தின்றுகொண்டே போகும், ஆபீசர் கண்ணிலும் படும். எடுத்தால் அவள் வைத்தது போய்விடும். அவளுடைய புடவைகளை அவள் தங்கைக்குக் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தத் துருவை எடுக்க மட்டும் மனசு வரவில்லை. குழலைத் துடைத்தேன், கட்டையைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். தோட்டாப் பெட்டியைத் தொடாமல் நாள் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூஜையும் போனது. சாவு விழுந்த வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது.

தாட்சாயணியின் தங்கை சுலோசனா பிச்சாட்டூரிலிருந்து வந்து எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீசர் வருவதற்கு முதல் நாள் காலை, குளித்துவிட்டு வந்து பார்த்தால் சாக்கில் தோட்டாப் பெட்டியைக் காணோம். பின்பக்கம் போனேன். சுலோசனா சொம்பு, தாம்பாளமெல்லாம் பரப்பிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் தோட்டாப் பெட்டி. அதன்மேல் புளியும் தேங்காய் நாரும்.

"வெய்யி கீழ."

நான் போட்ட சத்தத்தில் சொம்பு உருண்டது.

"இன்னா மாமா, நீதான் நாலு நாளா இத்தயே பாத்துக்கினு குந்திக்கினு கீற. புளி போட்டு ரெண்டு தேய் தேச்சா போயிடுதுன்னுதான் எடுத்தேன்."

"அது உங்க அக்கா வெச்ச பொட்டு."

சுலோசனா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரம் போய் வெள்ளை இரும்பு தெரிந்தது. புளியைக் கீழே போட்டுவிட்டு, ஈரக்கையாலேயே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் உருண்ட சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அழுகிறவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

புளியை விட்டுவைத்தால் அது இரும்பை அரித்துவிடும். வெந்நீரில் கழுவலாம் என்று அடுப்பில் குண்டானை வைத்தபோதுதான், பட்டாளத்தில் நான் இருந்த தேஜ்பூர் ஞாபகம் வந்தது. அங்கே மழைக்காலத்தில் துப்பாக்கிச் சாமான்கள் சிவந்துபோனால், ஆயுதப் பட்டறை நாயக் அவற்றை எண்ணெய் போகக் கழுவி, தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பான். சிவப்புத் துரு கறுப்பாகிவிடும். கறுப்பானது அதற்குமேல் தின்னாது, அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. மரத்துப்போன மண்டைக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது.

பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினேன். சோறு வேகிறதா என்று பார்க்கிறமாதிரி நானும் சுலோசனாவும் குண்டானை எட்டி எட்டிப் பார்த்தோம். சிவப்பு மங்கி, பழுப்பாகி, கடைசியில் கறுத்தது. எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். துணியில் கொஞ்சம் கரி ஒட்டியது. பொட்டு நின்றுவிட்டது.

"ஓரத்துல கொற ஆயிடுச்சே மாமா."

"பரவால்ல. உங்க அக்கா எந்தப் பொட்ட ஒழுங்கா வெச்சா?"

சுலோசனா அழுத முகத்தோடு சிரித்தாள். நான் துப்பாக்கியைப் பூட்டித் துணி உறையில் போட்டேன். நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீசர் வந்தார். பட்டாளத்தில் மேஜராக இருந்தவர், தெலுங்குக்காரர். நான் சல்யூட் வைத்துத் துப்பாக்கியைத் திறந்து நீட்டினேன். குழலில் ஒரு கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார். கட்டையைத் தடவினார். "பழசைப் பழசாகவே வைத்திருக்கிறாய், நல்ல காரியம்" என்று தெலுங்கில் சொன்னார். மேனேஜர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம் ஆபீசரின் கட்டைவிரல் தோட்டாப் பெட்டியில் நின்றது.

"இதேமிட்டி?" இது என்ன என்று கேட்டார்.

என் மனைவி வைத்த பொட்டு என்று தெலுங்கிலேயே சொன்னேன். அவள் போன பிறகு அவளைப் பற்றி ஒரு வெளியாளிடம் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். கேலி இல்லை, வீட்டு நினைப்பில் வந்த சிரிப்பு. தன் மனைவியும் ஜீப், தையல் மிஷின் எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள் என்றார். துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் கட்டையில் வைக்கச் சொல். இரும்பில் வைக்கவே கூடாது. வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு" என்றார்.

"சொல்றேன் சார்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேலதிகாரி சொன்னால் சரி என்று சொல்லிப் பழகிய வாய். அவர் உள்ளே போய்விட்டார்.

வருஷா வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியதுதான். இரும்பில் வைக்காதே. இன்னும் ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டும். அவள் போ என்பாள். அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாஸ்புக்கோடு வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, நான் சத்தமாக அழுதேன்.