வேறுபட்ட ஐந்து படங்கள்

கல்குவாரித் தொழிலாளர்கள் நூற்றிருபது பேருக்கும் ஒரே நாளில் இரண்டு முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள்; ஒன்று பழைய ஃபிலிமில், இன்னொன்று டிஜிட்டலில். கல்தூசி நுரையீரலைத் தின்னத் தொடங்கும்போது கடுகைவிடச் சின்னதாகப் புள்ளிகள் விழும். அவை எதில் நன்றாகத் தெரிகின்றன என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஃபிலிம்களைப் பார்ப்பது டாக்டரான அவன் வேலை. கம்ப்யூட்டரில் பார்க்க வந்த டாக்டர், இரண்டு வருடமாக அவனைப் பிரிந்து மகளோடு தனியாக இருக்கும் அவன் மனைவி.

ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்காமல் இருக்க, வேலை முடியும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி.

"இல்லாட்டி மட்டும் பேசிக் கிழிச்சுடுவாங்களாக்கும்," என்று நர்ஸ் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது.

கடைசியில், இருவர் முடிவும் வேறுபடும் படங்களை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிறைய வேறுபடக் கூடாதா என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. ஒரு படத்தில், ஒன்றுமே இல்லாத இடத்துக்குச் 'சந்தேகம்' என்று எழுதப் பேனா போய்விட்டது. யாரோ ஒருவனுடைய நெஞ்சு அது. கையை இழுத்துக்கொண்டான்.

வேறுபட்டவை ஐந்தே ஐந்து.

அவள் கண்ணாடி போட்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இந்த விலா எலும்புக்குப் பின்னாடி பாருங்க. ஃபிலிம்ல எலும்பு மறைச்சுடுது. இங்க வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சா தெரியுது."

"ஆமா, நான்தான் விட்டுட்டேன்."

மூன்றில் அவள் சொன்னது நின்றது. மற்ற இரண்டில், "நீங்க சொல்றதுதான் சரி," என்றாள். வீட்டில் ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை, அவனும்தான். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் இருமினான்.

"எத்தனை நாளா இருக்கு?"

"மூணு வாரம் இருக்கும்."

"நாளைக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க."

"நீ பார்க்கிறியா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "யாராவது பார்ப்பாங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் விட்டிருக்கும், நான் கிளம்பறேன்."

மறுநாள் காலையில் எடுத்தான். நுரையீரல் சுத்தமாக இருந்தது. பேச ஒரு காரணம் கிடைத்ததே என்று உடனே போன் செய்தான்.

"ஒண்ணுமில்லையாம்."

"அப்பாடா," என்றாள். பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. "பாப்பா எழுந்துட்டாளா?" என்று கேட்டுவைத்தான்.

"ஸ்கூலுக்கே போயாச்சு. மணி பத்தரை ஆகுது."

"ஆமா, ஆமா," என்றவன், அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.