பக்கத்து சீட்டில் தங்கை

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் கிரேன் அக்கா. நெடுநெடுவென்று நிற்கும் அந்த யந்திரத்தின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சின்ன அறைக்குள் குனிந்து உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி லாரிமேல் வைப்பது அவள் வேலை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி வைப்பாள். மற்றவர்கள் ஷிப்டில் லாரிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவள் ஷிப்டில் கொட்டாவி விடுவார்கள்.

இப்படி நிதானமே உருவான பெண்ணுக்கு வேகப் பைத்தியம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பைத்தியம்தான். ஊரார் மாப்பிள்ளை பார்க்கச் சொன்ன வயதில் அவள் கார் பார்த்தாள். இரண்டே இருக்கை உள்ள, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அமைந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு டிராக்குக்குப் போவாள். ஊருக்கு வெளியே, விமானம் இறங்காமல் போன ஓர் ஓடுபாதையை வளைத்து நெளித்துப் போட்ட டிராக் அது. கொடி காட்ட ஆள், வாசலில் ஆம்புலன்ஸ், தடம் மாறுகிற காரை விழுங்கி நிறுத்த வளைவுக்கு வளைவு ஜல்லிப் படுகை என்று எல்லாம் உண்டு. எதிரே எந்த வண்டியும் வராது. அங்கே காரைப் பிழிந்தெடுத்துவிட்டு, சாயங்காலம் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு வீடு வந்து சேருவாள்.

அவள் தங்கையின் கணவருக்கும் அதே பைத்தியம்தான், ஆஸ்பத்திரிதான் வேறு. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையில் இருக்கும்போது, வயதானவர்களின் காதுக்குப் பின்னால் கம்பியை மென்மையாக வளைத்துவிடும் நல்ல மனிதர். ஞாயிறு விடிந்தால் ஆளே மாறிவிடுவார். மஞ்சள் நிறத்தில் புத்தம்புது கார், அண்ணி என்று அவர் கூப்பிடும் மனைவியின் அக்காவுடைய காரைவிட இரண்டு பங்கு சக்தி. ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலையின் பெட்ரோல் பங்கில், அவரைப் போலவே ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அங்கிருந்து ஆற்றுப் பாலம் வரை யார் முதலில் என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அவர்தான் முதலில். அதனால் அந்தக் கூட்டம் அவருக்குத் 'தோட்டா' என்று பட்டம் கட்டியிருந்தது. அந்தப் பட்டத்தை அவர் காரின் பின்கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டார்.

ஒரு நாள் தங்கை வீட்டில் மூவரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வழக்கம்போலக் காரில் வந்து நின்றது.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஒரே இடத்தைச் சுத்திச் சுத்தி வரதுல என்ன இருக்கு? செக்குமாடும்தான் சுத்துது," என்றார் மாப்பிள்ளை.

"செக்குமாடாவது எண்ணெய் கொடுக்குது மாப்பிள்ளை. நீங்க பாலம் வரைக்கும் பறந்து போய் என்ன கொண்டு வரீங்க? திரும்பி வீட்டுக்குத்தானே வரீங்க?"

தங்கை தட்டைப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை விடவில்லை.

"எங்க ஆளுங்க கேக்கறாங்க. உங்க அண்ணி பிரமாதமா ஓட்டுவாங்களாமே, ஒரு தடவை ரோட்டுக்கு வரச் சொல்லுங்களேன்னு. நான் என்ன பதில் சொல்றது? பயப்படறாங்கன்னு சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லுங்க. எனக்குப் பயம்தான். பயமில்லாதவங்களை கிரேன் மேல ஏத்த மாட்டாங்க."

"இதெல்லாம் பேச்சு அண்ணி. ரோட்டுல ஒருத்தனை முந்தினாத்தான் ஓட்டத் தெரியும்னு அர்த்தம்."

அவளுக்குச் சட்டென்று கோபம் வருகிற சுபாவமில்லை. ஆனாலும் அன்றைக்கு என்னவோ நாக்கு முந்திக்கொண்டது.

"சரி, வரேன். ஆனா ஒரு நிபந்தனை. முதல்ல நீங்க ஒரு தடவை பாலம் வரைக்கும் போய்ட்டு வரணும், எப்பவும் போற அதே வேகத்துல. பக்கத்து சீட்டுல இவ உக்காந்திருக்கணும். அப்படிப் போய்ட்டு வந்தீங்கன்னா அடுத்த நிமிஷம் நான் உங்களோட ரேஸுக்கு வரேன்."

மாப்பிள்ளை சிரித்தார். "இவ வருவாளா? லிப்ட் கொஞ்சம் வேகமா இறங்கினாலே என் கையைப் பிடிச்சுக்குவா."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தங்கை செம்பை நிமிர்த்தி வைத்தாள். "வரேனே," என்றாள். "வர ஞாயிறு காலையில எனக்கு டியூட்டி. போற வழிதான்."

மாப்பிள்ளை ரசத்தை இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார்.

தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். உடைந்த எலும்போடு வருகிறவர்களை, "கொஞ்சம் திரும்புங்க, அவ்வளவுதான், மூச்சைப் பிடிங்க" என்று பதமாகப் பேசிப் படுக்கவைப்பது அவள் தொழில். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். ஞாயிறு காலையில் கணவர் கார்ச் சாவியை எடுக்கும்போது சமையலறையில் ஏதாவது பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பாள். அவர் திரும்பி வருகிற வரை அதே பாத்திரம்தான். அக்காவுக்கு மட்டும் அது தெரியும்.

மறுநாள் கிரேன் உச்சியில் உட்கார்ந்திருந்தபோது அக்காவுக்கு அந்த நிபந்தனையே ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாயைக் கொடுத்து வம்பை வாங்கியது அவள்; வம்பில் உட்காரப்போவது தங்கை. மாப்பிள்ளை நிஜமாகவே மிதித்துவிட்டால்? ஆண்பிள்ளை ரோஷம் எந்தப் பக்கம் பாயும் என்று யார் கண்டார்கள்? இடைவேளையில் கீழே இறங்கியதும் போன் போட்டாள்.

"அடியே, நான் ஏதோ சும்மா சொல்லிட்டேன். நீ போக வேண்டாம்."

"நீ சும்மா சொன்ன. நான் சும்மா சொல்லலையே."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"அக்கா, அவர் கார்ல அவர் பக்கத்துல உக்காந்து போறேன். ஊர் உலகத்துல எல்லாப் பொண்டாட்டியும் செய்யறதுதான். அதுல ஏதாவது ஆகும்னா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆகலாம்ல? எனக்குத் தெரியணும்." ஒரு கணம் கழித்து, "ஆள் காத்திருக்காங்க, வெக்கறேன்," என்றாள்.

அக்கா போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்னவள், சின்னவள் என்று நாற்பது வயது வரை சொல்லிக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக அவள் பெட்ரோல் பங்குக்குப் போனபோது கூட்டம் சேர்ந்திருந்தது. காகிதக் கோப்பைகளில் காபி, திறந்து வைத்த பானெட்டுகள், கழுவித் துடைத்த கார்கள். அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்கானவர் ஒரு பல் டாக்டர். "வாங்க வாங்க, டிராக் ராணி," என்று வரவேற்றார். அவள் வணக்கம் சொல்லிவிட்டுக் காற்று நிரப்பும் இடத்துக்கு அருகில் நின்றுகொண்டாள்.

மஞ்சள் கார் வந்தது. தங்கை ஆஸ்பத்திரி உடுப்பில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கி, "நேரா போய்ட்டு நேரா வரேன் அண்ணி. நீங்க வண்டியைச் சூடு பண்ணி வைங்க," என்றார். குரலில் குறைச்சலில்லை. தங்கை பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அக்காவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கார் சீறிக்கொண்டு கிளம்பியது. சாலை சற்றுத் தூரத்தில் ஒரு மேட்டைத் தாண்டி மறைந்துவிடும். அதற்குமேல் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் எஞ்சின் சத்தம் தாய்மொழி. முதல் கியர் அலறி முடிந்தது. இரண்டாவது அலறியது. மூன்றாவது ஏறியது, ஏறியது.

அந்தச் சத்தம் அப்படியே தணிந்தது. நின்றுவிடவில்லை, அடுப்பைக் குறைத்து வைத்தால் கொதி அடங்குவதுபோல அடங்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. பிறகு அதுவும் தேய்ந்து போனது.

"வண்டியில ஏதோ கோளாறு," என்றார் பல் டாக்டர்.

பாலத்துக்குப் போய்த் திரும்ப எப்போதும் ஆகிறதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆனது. காபி ஆறிப்போனது. கடைசியில் மஞ்சள் கார் மேட்டில் தலைகாட்டியது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஆடி அசைந்து வர, அதன் பின்னால் மரியாதையாக இடைவெளி விட்டு வந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் பங்குக்குள் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டது.

அந்த இண்டிகேட்டரைப் பார்த்ததும் கூட்டத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை இறங்கினார். காரைச் சுற்றி வந்து, சக்கரத்தை ஒரு தடவை பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல. பிறகு அண்ணியிடம் வந்தார்.

"கால் அமுங்க மாட்டேங்குது அண்ணி."

"இவ ஏதாவது சொன்னாளா?"

"ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா மிதிச்சிருப்பேன்." கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஒவ்வொரு சந்துலேருந்தும் எவனாவது வெளியே வருவானோன்னு இருந்தது. அந்த ரோட்டுல இத்தனை சந்து இருக்கறதே எனக்குத் தெரியாது. எப்படி இத்தனை நாள் பாக்காம போனேன்?"

தங்கையும் இறங்கி வந்தாள். கண் கலங்கியிருக்கும் என்று அக்கா நினைத்தாள். கலங்கவில்லை. "எழுபதைத் தாண்டலை," என்றாள் கூட்டத்தைப் பார்த்து, யாரும் கேட்காமலே. "லாரிக்காரர் கையைக் காட்டி முந்திப் போங்கன்னு கூடச் சொன்னார். இவர் வேண்டாம்னுட்டார்."

"தோட்டா நமுத்துப்போச்சு," என்றார் பல் டாக்டர்.

மாப்பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தார். "டாக்டர், உங்க பையனைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கறேன். போய்ட்டு வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

பல் டாக்டர் காபிக் கோப்பையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை டிராக்குக்கு வந்தார். தோற்றுப்போனவராக வரவில்லை. "உங்க செக்கை ஒரு கை பாத்துடறேன்," என்றுதான் வந்தார். தங்கையும் வந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வகுப்பு உண்டு. எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும்தான் முந்தலாம் என்றெல்லாம் சொல்வார்கள். மாப்பிள்ளை அரைக் காதில் கேட்டார். தங்கை முழுக் காதையும் கொடுத்துக் கேட்டாள். "பாத்துக்கிட்டு சும்மா இருக்கறதுக்குப் பதிலா நானும் பேரைக் கொடுத்துட்டேன்," என்றாள் அக்காவிடம்.

நேர்ப்பாதையில் மஞ்சள் காரை யாராலும் தொட முடியவில்லை. வளைவில்தான் அதன் குட்டு வெளிப்பட்டது. நேராகவே ஓடிப் பழகிய மனிதர் மூன்றாவது வளைவில் தாமதமாக பிரேக் போட்டு, பம்பரமாகச் சுற்றி, ஜல்லிப் படுகையில் போய்ச் சொருகிக்கொண்டார். மஞ்சள் கொடி அசைந்தது. டிராக்டர் வந்து இழுத்தது. ரோட்டில் நடந்திருந்தால் தங்கையின் எக்ஸ்ரே மேசைக்குப் போயிருக்கவேண்டிய ஆள், இங்கே சட்டைப் பைக்குள் விழுந்த ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டே நடந்து வந்தார். முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அக்கா பார்த்ததே இல்லை.

"அண்ணி, அந்த இடத்துல என்ன பண்ணணும்? இன்னொரு தடவை போகணும்," என்றார்.

பிற்பகலில் தங்கையின் முறை வந்தது. சிவப்புக் காரின் ஸ்டீயரிங் பின்னால் அவள், பக்கத்தில் அக்கா. தங்கை தினமும் ஓட்டுவது ஒரு குட்டிக் கார். அதையும் காய்கறிக் கூடையை வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோலத்தான் ஓட்டுவாள். முதல் சுற்று அப்படியே போனது. இரண்டாவது சுற்றில் அக்காவுக்கு ஏதோ புரிந்தது. இவள் அவசரப்படவில்லை. வளைவு வருமுன்பே கண் வளைவின் கடைசிக்குப் போய்விடுகிறது. கை குலுங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இரு என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழகிய உடம்பு. சுற்றுக்குச் சுற்று வேகம் கூடியது. அக்காவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"கொஞ்சம் மெதுவாடி."

"எங்க? சொல்லு, இங்கயா?"

"இங்க வேண்டாம். இங்க சரியாத்தான் போற," என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

முன்னால் மஞ்சள் நிறம் தெரிந்தது. மாப்பிள்ளையின் பிரேக் சூடேறிப் புகைவாசம் அடித்தது. வளைவுக்கு வளைவு தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தார். தங்கை பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். ஒலிப்பான் அடிக்கவில்லை, விளக்கைக் காட்டவில்லை. இரண்டு வளைவு பின்னாலேயே போனாள். நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் காரின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. 'தோட்டா' என்று எழுதிய கண்ணாடிக்குப் பக்கத்தில், போ, முன்னால் போ என்று அந்தக் கை காட்டியது.

தங்கை போனாள். போகிற போக்கில் நன்றி சொல்ல ஒரு விரலைத் தூக்கினாள். அவ்வளவுதான். ஹெல்மெட்டுக்குள் அவள் ஏதோ முணுமுணுப்பது அக்காவுக்குக் கேட்டது. பாட்டு.

சாயங்காலம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சொன்னார்: "உண்மையைச் சொல்லணும்னா ரோட்டுல ஒரு ருசி இருக்கு அண்ணி. அது இங்க இல்ல."

"இருக்கும்," என்றாள் அவள். "நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே."

"ஆனா இனிமே முடியாது. அந்தச் சந்து எல்லாத்தையும் பாத்துட்டேன்."

புறவழிச் சாலையில் அந்தக் கூட்டம் இன்றும் கூடுகிறது. பல் டாக்டர் அங்கேதான் இருக்கிறார். இரண்டு பேர் மட்டும் கழன்று டிராக்குக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு எதிலும் குறையில்லை, ஒன்றைத் தவிர. டிராக்குக்காரர்கள் ஓட்டுகிறவர்களைத் திறமைப்படி பிரிப்பார்கள். தங்கையை நடுப் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். அவர் இன்னும் ஆரம்பப் பிரிவில், முதல் பெஞ்சில் உட்கார்ந்து கொடிப் பாடம் கேட்கிறார். இப்போது முழுக் காதையும் கொடுத்துக் கேட்கிறார். சிவப்புக் காரை இந்த ஞாயிறு யார் ஓட்டுவது என்பதில்தான் அக்காவுக்கும் தங்கைக்கும் மாதாமாதம் சண்டை.