பிக்கப் இல்லாத பிக்கப்

பட்டறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, இஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தண்டுகள் இரண்டை மெக்கானிக் அருகருகே வைத்தான். ஒன்று இடிக்காரரின் பிக்கப் வண்டியிலிருந்து காலையில் கழற்றியது, மற்றது புதிது. இடிக்காரருக்குக் கண்ணால் பார்த்துப் பயனில்லை. சர்க்கரை கண்ணைப் பிடித்து இரண்டு வருடமாகிறது. எதிரே நிற்பவரின் முகம் ரப்பரால் அழித்ததுபோல்தான் தெரியும். அதனால் கட்டைவிரலை வைத்து, தண்டிலிருந்த மேடுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பழையதில் மேடு அகலமாக, மொத்தையாக இருந்தது. புதியதில் ஒடுங்கியிருந்தது.

"இத மாட்டுனா ஏத்தத்துல நல்லா இழுக்கும்ண்ணே. வால்வு சீக்கிரம் மூடிக்கும், மெதுவாப் போறப்பவே இஞ்சினுக்கு பலம் கிடைக்கும். ஆனா பழைய வேகம் இருக்காது. சத்தமும் அடங்கிடும்" என்றான் மெக்கானிக்.

வேகம் போனால் போகட்டும். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

பழையதைத் தேடிப்பிடித்து மாட்டியவர் அவரேதான், இருபத்தாறு வயதில். பந்தய வண்டிக்கான கேம் அது. ஓடினால் பறக்கும், நின்றால் 'தடக்... தடதடக்' என்று படியில் தடுக்கி விழுகிறவனைப் போல உறுமும். இடிக்காரர் என்ற பேரும் அப்படி வந்ததுதான். பெண் கேட்டுப் போன அன்று, மாமனார் வாசலுக்கே வந்து, "பொண்ணு கேட்டு வந்தியா, ஊரைக் கூட்ட வந்தியா?" என்றார். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்புக்காகவே தெருமுனையில் தேவையில்லாமல் இன்னும் இரண்டு முறை ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுப் போனார். கல்யாணமான பிறகு, வண்டி தெருவுக்குள் நுழையும்போதே அவள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். அதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது ஓட்டுவது அவள். அவருக்கு லைசன்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதை எட்டப்போகும் நேரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு, தினமும் நாற்பது தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக் குடியிருப்புக்குப் போகிறாள். மூன்று வளைவுள்ள செங்குத்தான பாதை. அடிவாரத்து வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த உறுமலை வைத்தே அவள் எந்த வளைவில், எந்த கியரில் போகிறாள் என்று சொல்லிவிடுவார். கண் போனவருக்கு மிச்சமிருந்த வண்டி அந்தச் சத்தம்தான். திரும்பி வந்ததும் குற்றப் பட்டியல் வாசிப்பார்.

"வீட்ல இருந்தே ஓட்டுறவருக்குத் தனியா ஒரு லைசன்ஸ் குடுக்கணும்" என்பாள் அவள். சில நாள் அலுத்துக்கொள்வாள்: "பேருதாங்க பிக்கப்பு. ஏத்தத்துல பிக்கப்பே கிடையாது."

இவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்றைக்குப் பட்டறைக்கு வந்ததும்கூட, கேமை மாற்றச் சொல்லி அவள் செய்திருந்த ஏற்பாட்டைக் கலைக்கத்தான்.

"பழசையே மாட்டிருப்பா. வேணும்னா கிளச்சைப் புதுசா போடு" என்றார்.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணி சொல்ல வேணாம்னாங்க. போன வாரம் ரெண்டாவது வளைவுல வண்டி பின்னால உருண்டிருச்சுண்ணே. முழு லோடு. ஓரச் சுவர்ல முட்டித்தான் நின்னுருக்கு. பின்கதவுல நசுங்கி இருக்கே, பாத்திருப்பீங்க..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டாவது வளைவில் சத்தம் சட்டென்று நின்று, வெகுநேரம் கழித்துத் தொடங்கியது. அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "வண்டிய அணைச்சிட்டியாக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நக்கலடித்தார். அவளும் சிரித்துவிட்டுத் தேநீர் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். மறைப்பதற்கு அவருடைய கண் அவளுக்குத் தோதாக இருந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே நின்ற வண்டியிடம் தடுமாறிப் போய்ப் பின்கதவைத் தடவினார். இடது மூலையில் உள்ளங்கை முழுதாகப் பதியும் அளவுக்குக் குழி. கையை அங்கிருந்து எடுக்காமலே மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"புதுசை மாட்டு" என்றார்.

"சத்தம்?"

"இத்தனை வருசமா அதைத்தான் கேட்டேன். அவ சொன்னதைக் கேக்கல."

நசுங்கலைப் பற்றி வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் காலை நாற்பது கேன்களையும் ஏற்றிவிட்டு அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நின்றது.

"எப்படி இருக்கு?"

"உயிரோட இருக்கான்னே தெரியலைங்க" என்றாள் அவள். குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு புறப்பட்டுவிட்டாள்.

இருபதடி போவதற்குள் சத்தம் கரைந்துபோயிற்று. மேலே பாதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் தீற்றல் மட்டும் தெரிந்தது. ஏறுகிறாளா, நின்றுவிட்டாளா, உருள்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. இப்படியொரு பயத்தை அவர் அறிந்ததில்லை. ஜன்னலை விட்டுவிட்டு வெளியே வந்து, மேட்டைப் பார்த்து நின்றார்.

மேலேயிருந்து குட்டியாக ஒரு ஹாரன் ஒலித்தது.

அந்தப் பாதையில் அந்த நேரத்தில் எதிரே வண்டி வராது. ஹாரனுக்கு வேலையே இல்லை. முதல் வளைவு என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு, இன்னும் உயரத்திலிருந்து, இரண்டு முறை ஒலித்தது. இரண்டாவதைத் தாண்டிவிட்டாள்.

காதோரம் கையைக் குவித்துக்கொண்டு, முகத்தை உயர்த்தி, அவர் மூன்றாவது வளைவுக்காக நின்றார்.