ஜன்னலுக்கு எட்டிய மகுடம்

என் கட்டிலை மாடியிலிருந்து இறக்கி முன்னறை ஜன்னலோரம் போட்ட நாளிலிருந்து, ஜன்னல் விளிம்புக்கு மேலே தெரிவது மட்டும்தான் எனக்கு உலகம். இதயம் களைத்துவிட்டது, மாடிப்படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். வசந்த காலம் வரை தாங்குமா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். டாக்டர் சொல்கிற 'பாப்போம்' எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊரில் யாரும் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதில்லை. தெருவில் போகிறவர்களின் தொப்பியை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். ஆனால் தோட்டம் மட்டும் தெரியவில்லை. துலிப் பூக்கள் எல்லாம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும்.

அக்டோபரில் என் கணவன் யாப் ஐந்து பூச்செடிக் கிழங்குகளோடு வந்தான். ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. அறை முழுக்க நரி நாற்றம்.

"சீ, என்ன கண்றாவி இது?"

"அரசமகுடப் பூ, நேல். இடுப்பு உசரத்துக்கு மேல வளரும். நீ படுத்துக்கிட்டே பாக்கலாம்."

"நான் இருந்தா பாக்கலாம்."

அவன் வெளியே போய்க் குழி வெட்டினான். அந்தக் கிழங்குக்கு உச்சியில் ஒரு துளை உண்டு. நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் இறங்கி அழுகிவிடும் என்று ஒருக்களித்துப் படுக்க வைத்தானாம். "உன்ன மாதிரியே படுத்திருக்குதுங்க," என்று கை கழுவிக்கொண்டே சொன்னான்.

யாப் நாற்பத்திரண்டு வருடம் துலிப் வயலில் வேலை செய்தவன். வயல்காரர்கள் விற்பது கிழங்கைத்தான், பூவை அல்ல. பூ விரிந்ததும் தலையைக் கிள்ளி எறிந்தால்தான் சத்து கிழங்குக்கு இறங்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் "ஐயோ, ஐயோ" என்பார்கள். எங்கள் ஆட்கள் கதை பேசிக்கொண்டே கிள்ளிப் போவார்கள். தூக்கத்தில்கூட யாப்பின் கட்டைவிரல் போர்வை நுனியைக் கிள்ளும்.

குளிர்காலத்தை எப்படியோ தாண்டினேன். ஏப்ரலில் ஐந்து பச்சைக் குடுமிகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குடுமிக்குக் கீழே ஆரஞ்சு நிற மணிப்பூக்கள் வட்டமாகத் தொங்கின. இதைப் பார்க்க நான் இருக்கிறேனே என்று அழுகை வந்தது.

யாப் காப்பிக் கோப்பையோடு வெளியே போனான். வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு கிரீட் பேச்சுக் கொடுத்தாள். அவள் பேச்சு கிளம்பினால் லேசில் நிற்காது. யாப் தலையாட்டிக்கொண்டே செடி செடியாக நகர்ந்தான். ஒரு மகுடம் கழுத்தொடிந்து ஜன்னலிலிருந்து கீழே இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. நான் கண்ணாடியைத் தட்டினேன், அவனுக்குக் கேட்கவில்லை.

"அட பாவி மனுஷா! என்ன காரியம் பண்ற?" என்று கிரீட்தான் அலறினாள்.

அதற்குள் நான்கு போய்விட்டன. யாப் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மரச்செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தான். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒருநாளும் வந்ததில்லை. நான்கு தலைகளையும் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"நேல்... நான் நெனைக்கவே இல்ல. கை தானா..." என்று அழுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "நாலு தலைய ஒரே மூச்சுல வாங்கிட்டியே, கொலைகாரக் கிழவா! இங்க கொண்டா, பாக்கறேன்."

ஒன்றை என் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தான். கீழேயிருந்து மணிக்குள் பார்த்தேன். ஒவ்வொரு இதழின் அடியிலும் ஒரு சொட்டுத் தேன். ஒரு மணிப்பூவுக்கு ஆறு சொட்டு. தலைகீழாகத் தொங்கியும் ஒன்றுகூடச் சிந்தவில்லை.

"யாப், இதுக்குள்ள பாத்திருக்கியா?"

"இல்லையே."

"நின்னா தெரியாது. வந்து படு."

செருப்போடே பக்கத்தில் படுத்தான். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தலை போனதுல கிழங்கு நல்லா பருக்கும்," என்றான் மெதுவாக. "அடுத்த வருஷம் இன்னும் உசரமா வரும்."

அடுத்த வருஷம் என்ற பேச்சை எங்கள் வீட்டில் ஆறு மாதமாக யாரும் எடுக்கவில்லை.

"அடுத்த வருஷம் உன் கைய கட்டிப்போட்டுத்தான் தோட்டத்துக்கு அனுப்புவேன்," என்றேன்.

"நீதான் கட்டணும். வேற யாரும் கட்டக் கூடாது."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கட்டைவிரல் எதையும் கிள்ளாமல் என் உள்ளங்கையில் கிடந்தது.