மூன்றாம் ஓலை

கோணிப்போன வாயின் ஓரமாக வழிந்த கஞ்சியை எம்மட் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, கறுப்புத் திரைக்கு வெளியே தெருவில் யாரோ ஒருமுறை இருமினார்கள்.

அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று இருமினால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். தவசியம்மாவிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

தவசியம்மா என்று ஊர் கூப்பிடும் இடோனியாவோ கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் வைக்கோல் படுக்கையில் கிடந்தாள். எம்மட் தன் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் மெதுவாக்கி, "யாரும்மா?" என்றாள்.

"ரோயிஸ்தாம்மா. இந்தக் கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது."

"தண்ணியைக் கொதிக்கவெச்சு ஆறினதும் தினம் ரெண்டு தடவை கழுவு. கட்டியிருக்கியே அந்தக் கந்தல், அதைத் தூக்கி அடுப்புல போடு. வெள்ளைத் துணியா, துவைச்ச துணியாக் கட்டு. கேட்டியா?"

"ஆண்டவரே வந்து சொன்ன மாதிரி இருக்கும்மா," என்றாள் ரோயிஸ். சிலுவை போட்டுக்கொண்டு நொண்டிப் போகிற சத்தம் கேட்டது.

இதையே, ஓர் எழுத்துக் குறையாமல், மிக்கேல் திருநாளுக்கு முன்பு தன் கள்ளுக்கடை வாசலில் வைத்து எம்மட் அவளிடம் சொல்லியிருந்தாள். அப்போது ரோயிஸ் என்ன சொன்னாள்? "உனக்குப் பார்லிக் கள்ளு காய்ச்சத் தெரியும். காலைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு முழம் கறுப்புத் துணி நடுவில் தொங்கினால் வார்த்தைக்கு எடை கூடிவிடுகிறது. துணியை நெய்தவனுக்கே இது தெரிந்திருக்காது.

இடோனியா அந்த அறைக்குள் போய் இருபத்திரண்டு வருஷம். கோயிலின் வடக்குச் சுவரோடு ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை. பூசை பார்க்கக் கோயில் பக்கம் ஒரு பொந்து, ஊருக்குப் புத்தி சொல்லத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலில் வெள்ளைச் சிலுவை தைத்த கறுப்புத் திரை. கஞ்சி கொண்டுவருகிறவள் குனிந்து நுழைய ஒரு குட்டைக் கதவு. உள்ளே போன தவசி வெளியே வருவதில்லை. அடைபடுகிற அன்றே, பிஷப்பின் ஆள் அவளைத் தரையில் படுக்க வைத்து, மரித்தவர்களுக்கான பூசையை முழுசாகச் சொல்லி, கடைசி எண்ணெயும் பூசி, மேலே ஒரு பிடி மண்ணையும் தூவிவிட்டுத்தான் போனார். எம்மட் அன்றைக்கே அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்தாள். வந்தவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போட்டார்கள். பாலாடைக்கட்டி ஒரு வாடை அடித்தது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு.

ஆக, ஊர் கணக்கில் ஏற்கெனவே செத்தவள் இரண்டாம் முறை செத்துக்கொண்டிருந்தாள். எம்மட்டைத் தவிர அது யாருக்கும் தெரியாது. கஞ்சி கொண்டுபோகும் வேலைக்காரி போன மாதம் ரொட்டிக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதனால் திங்கட்கிழமை காலையில் உள்ளே போனவள் எம்மட். வலது பக்கம் முழுக்க விழுந்து, வாய் காது பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்த அக்காவைப் பார்த்தவளும் அவள்தான்.

வெளியே வந்து கத்தியிருக்க வேண்டும். பங்குச் சாமியார் எண்ணெயோடு ஓடி வந்திருப்பார். எம்மட் கத்தவில்லை. காரணம் ஹாவிஸ்.

ஹாவிஸ் அவளுடைய ஒரே மகள். வயது பதினேழு. அப்பன் செத்ததும் பெரியப்பன் வைமண்டைக் காப்பாளனாக்கி மன்றத்தில் தீர்த்துவிட்டார்கள். தோல் பதனிடும் வைமண்டுக்கு ஓக் மரப்பட்டையை அரைக்க ஒரு மில் வேண்டியிருந்தது. மில்லுக்காரர் ஆஸ்பெர்ட்டுக்கு நான்காவதாக ஒரு பெண்டாட்டி வேண்டியிருந்தது. முதல் மூன்று பேரும் எதனால் போனார்கள் என்று கேட்டால், "இருமல்," என்பார். மூன்று பேருக்கும் ஒரே பதில். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டைக் கோயிலில் வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலையை வரும் ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டால் பிறகு தடுக்க ஆள் கிடையாது.

எம்மட் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கள்ளுக்கடை விதவையின் பேச்சை யார் கேட்பார்கள்? பெண் வாய் திறந்து போதிக்கலாகாது என்று பங்குச் சாமியார் ஹேமோ ஒரு பிரசங்கமே வைத்தார். வைத்தபோது அவர் கண் எம்மட் நின்ற தூண் பக்கமே இருந்ததை ஊரே பார்த்தது. கடைசியில் ஹாவிஸ்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "பெரியம்மா சொல்லட்டும். அவங்க கட்டிக்கன்னு சொன்னா மறுவார்த்தை பேசாமக் கட்டிக்கிறேன்."

வைமண்ட் உடனே சரி என்றான். அவன் முட்டாள் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஜன்னலில் எம்மட் இதே கேள்வியைக் கேட்டது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவன் தம்பியைக் கட்டிக்கொள்ளவா, வேண்டாமா? "கீழ்ப்படி, பொறுமையா இரு," என்றாள் அக்கா. எம்மட் கீழ்ப்படிந்தாள். அவளுடைய இடது சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது. அது எப்படி ஆயிற்று என்று அக்கா கேட்டதில்லை. தங்கை சொன்னதுமில்லை.

போன ஞாயிறு எம்மட் குட்டைக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "வேண்டாம்னு சொல்லிடுவியாக்கா?" என்று கேட்டாள். "சனிக்கிழமை மதியம் அவங்கள வரச் சொல்லு. சொல்றேன்," என்றாள் இடோனியா. மறுநாள் காலையில் வாய் போய்விட்டது. என்ன சொல்ல இருந்தாள் என்பதும் அதோடு போயிற்று.

தவசியம்மாவுக்குப் பேச்சு இல்லை என்று வெளியே தெரிந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். சனிக்கிழமை பதில் வராது. ஞாயிறு ஓலை மட்டும் வந்துவிடும். எனவே திங்கள் முதல் திரைக்குப் பின்னால் இருந்து பதில் சொன்னது எம்மட். பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது, மாமியாரின் நாக்கு, காணாமல் போன பன்றி. புதன்கிழமை ஹேமோ சாமியாரே வந்து இருமினார். வயிறு எரிகிறது, விரதத்தை விடலாமா என்று கேட்டார். "புதன்கிழமை விரதத்தை விடுங்க. ஒரு முட்டையை வேகவெச்சுச் சாப்பிடுங்க," என்று திரை சொன்னது. ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. தவசியம்மாவுக்கு இப்போதெல்லாம் ஞானம் கூடிக்கொண்டே போகிறது என்றுதான் கிணற்றடியில் பேச்சு.

சனிக்கிழமை மதிய மணி ஓய்ந்ததும் தெருவில் காலடிகள் வந்து நின்றன. தோல் தொட்டியின் நாற்றம் திரையைத் தாண்டி உள்ளே வந்தது.

"தாயே, நான் ஹேமோ," என்றார் சாமியார். "வைமண்டும் அந்தப் பொண்ணும் வந்திருக்காங்க."

"அவ அம்மாவையும் கூப்பிடலாம்னு போனேன்," என்றான் வைமண்ட். "கடை சாத்தியிருக்கு. இல்லாததும் நல்லதுதான். அந்த வாய் இருந்தா நாம யாரும் பேச முடியாது."

உள்ளே அந்த வாய் தன்னைத் தானே பொத்திக்கொண்டு நின்றது.

"சின்னப் பொண்ணும்மா, புரியாமப் பேசுது. கீழ்ப்படின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கு அவ அம்மாவுக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி."

எம்மட் திரும்பிப் பார்த்தாள். இடோனியாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. திறந்திருந்த ஒற்றைக் கண் அவளையே பார்த்தது. நல்ல கை மெல்ல எழும்பி எதையோ தேடியது. எம்மட் குனிந்தாள். குளிர்ந்த இரண்டு விரல்கள் வந்து அவள் உதட்டின் மேல் நின்றன.

பேசாதே என்கிறாளா? பேசு என்கிறாளா? எம்மட்டுக்குத் தெரியவில்லை. வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு அவள் ஜன்னலுக்குப் போனாள்.

"வேண்டாம்."

"என்ன சொன்னீங்க தாயே?"

"இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொன்னேன். அன்னைக்கு என் தங்கச்சிக்கு நான் சொன்னது தப்பு."

பதினெட்டு வருஷமாக எம்மட் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

"என்ன தப்பு?" என்றான் வைமண்ட். "என் தம்பியோட நல்லாத்தானே இருந்தா!"

"அவ சுண்டுவிரலைப் பாத்திருக்கியா?"

வெளியே வைமண்டின் செருப்பு கல்லில் உரசியது.

"சாமி, உங்க கோயில் சுவத்துல என்ன சித்திரம் எழுதியிருக்கு? வானத்துலேருந்து சேதி கொண்டுவந்த சம்மனசு, அந்தத் தேவதூதன், மாதாவுக்கு முன்னால முட்டி போட்டுட்டு நிக்குது. எதுக்கு? நீ ஆண்டவருக்குத் தாயாகப் போறேங்கிற விஷயத்தைச் சொன்னதும் பறந்து போயிருக்கலாம்ல? ஆகட்டும்னு மாதா வாயால சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குது. ஆஸ்பெர்ட்டு என்ன, சம்மனசை விடப் பெரிய ஆளா? பொண்ணு சம்மதம்னு சொல்லாம ஓலை வாசிக்காதீங்க. கேட்டியா?"

கடைசி வார்த்தை வந்த பிறகுதான் அது தன் கடையில் தான் தினமும் சொல்கிற வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. வெளியே ஹாவிஸ் சிரிப்பை அடக்குவது போல ஒரு சத்தம் போட்டாள்.

"கேட்டுச்சு, பெரியம்மா," என்றாள். பெரியம்மாவில் கொஞ்சம் அழுத்தம் கூடுதல்.

"பதினஞ்சு வருஷமா அந்தச் சித்திரத்துக்குக் கீழ நின்னு பூசை வெக்கிறேன்," என்று ஹேமோ சாமியார் முனகினார். "எனக்கு இது தோணவே இல்லையே." கல் தெருவில் அவர் முழங்கால் படிகிற சத்தம் கேட்டது. வைமண்ட் திரும்பி நடந்தான். நாற்றம் விலகியது.

பின்னால் மூச்சின் சத்தம் மாறியிருந்தது.

எம்மட்டுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும். எல்லாம் முடிந்த பிறகு ஆளைக் கூப்பிடலாம். துவைத்த முகத்துணியைப் போட்டுக் கோணின வாயை மூடிவிட்டால் யார் விலக்கிப் பார்ப்பார்கள்? எண்ணெய்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே பூசியாயிற்றே என்று ஐந்து நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அது போதவில்லை. குட்டைக் கதவில் தலையை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"சாமி! எண்ணெய் எடுத்துட்டு வாங்க. அக்கா போறா!"

தெருவில் இன்னும் முழங்காலிட்டிருந்த ஹேமோ சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

கோயிலிலிருந்து எண்ணெயோடு உள்ளே வந்து கண்ணுக்குப் பூசினார். காதுக்குப் பூசினார். உதட்டுக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. காது வரை இழுத்திருந்த வாய். அதன் ஓரத்தில் நாள்பட்டுக் காய்ந்த கஞ்சி. இப்படி விழுந்தவர்கள் எத்தனையோ பேருக்குப் பூசிய கை அது.

"எப்பலேருந்து?"

"திங்கக்கிழமை காலையிலேருந்து, சாமி."

அவர் உதட்டுக்குப் பூசினார். கைக்குப் பூசினார். காலுக்கு வரும்போது, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அப்ப புதன்கிழமை... அந்த முட்டை?"

"நான்தான், சாமி. இப்ப வயிறு எப்படி இருக்கு?"

ஹேமோ சாமியார் யோசித்தார். "தேவலாம்," என்றார், மனசே இல்லாமல்.

இடோனியா அதன் பிறகு நான்கு மூச்சு விட்டாள். ஐந்தாவதுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். எம்மட் அந்த ஒற்றைக் கண்ணை மூடிவிட்டு, கஞ்சியின் காய்ந்த கறையை எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

"நீ நாக்கை அடக்கணும், எம்மட்," என்றார் சாமியார் எழுந்தபடி.

"எப்ப சாமி? இந்தத் திரைக்கு உள்ள இருக்கும்போதா, வெளிய வந்த பிறகா?"

அவர் எண்ணெய்க் குப்பியை மூடினார். குனிந்து வெளியே போனார். சற்று நேரத்தில் மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பெர்ட் புதுக் கோட்டோடு முன்வரிசையில் நின்றார். எம்மட் பின்னால், பெண்களோடு, ஹாவிஸின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியார் பீப்பாய் செய்கிறவனின் மகனுக்கு முதல் ஓலை வாசித்தார். இடையனுக்கு இரண்டாம் ஓலை வாசித்தார். தாளை மடித்தார்.

"சாமி, என் பேரு விட்டுப்போச்சு," என்றார் ஆஸ்பெர்ட்.

"விட்டுப்போகல."

வைமண்ட் முன்னால் வந்தான். "செத்துக்கிட்டிருந்த பொம்பளை, சாமி. என்ன சொல்றோம்னு தெரிஞ்சா சொல்லியிருப்பா?"

ஹேமோ சாமியாரின் கண் ஒரு நொடி பழைய தூண் பக்கம் போய்த் திரும்பியது.

"அந்த ஜன்னல்லேருந்து வந்த வார்த்தையை நான் முட்டி போட்டுக் கேட்டேன். வந்தது வந்ததுதான்."

ஆஸ்பெர்ட் இருமினார்.

அன்று மாலை இடோனியாவை அவள் அறைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். தன் குழியைத் தானே தோண்டுவது தவசிகளின் வழக்கம். தினம் ஒரு பிடியாக இருபத்திரண்டு வருஷம் கையால் சுரண்டியும் குழி முழங்கால் ஆழம்கூட வந்திருக்கவில்லை. மீதியை இரண்டு ஆட்கள் ஒரு மணி நேரத்தில் தோண்டினார்கள். ஜன்னலைக் கல் வைத்து அடைக்கக் கொத்தனுக்குச் சொல்லியாயிற்று. எம்மட் திரையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் அதைக் கள் காய்ச்சும் கொப்பரையில் போட்டு அலசினாள். இருபத்திரண்டு வருஷத்து மெழுகுப் புகை கறுப்பாக இறங்கியது. பிழிந்து, கொல்லையில் கட்டியிருந்த கயிற்றில் விரித்தாள். வெள்ளைச் சிலுவை தெருப் பக்கம் பார்த்துத் தொங்கியது.

நுனியை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தபோது துணிக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். வேலி தாண்டி நொண்டி வருகிற சத்தமே கேட்கவில்லை. எம்மட் குனிந்து பார்த்தாள். சொட்டுகிற துணிக்குக் கீழே இரண்டு கால்கள். ஒன்றில் வெள்ளைத் துணி, துவைத்த துணி, நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது.

அந்தப் பக்கம் ரோயிஸ் ஒருமுறை இருமினாள்.

எம்மட் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.